தண்ணீர் என்று எழுதவில்லை

எனக்கு அடித்தல் திருத்தல் பிடிக்காது, சார். இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். ஒரு கமா தவறியதில்லை. இந்த வாக்குமூலத்திலும் பிழை வரக்கூடாது என்பதால் நிதானமாகவே சொல்கிறேன்.

கனகலட்சுமி என் அப்பாவின் தங்கை. பிள்ளை இல்லை. விளாங்குடி வீட்டைப் போன தை மாதம் எனக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். பத்திரத்தின் வாசகம் என்னுடையது. ஆயுள் வரை பின்கட்டு அறை, மூன்று வேளை உணவு, வருடத்துக்கு இரண்டு சேலை, நோய் வந்தால் வைத்தியம். வாசித்துக் காட்டியதும் அத்தை சிரித்தார்.

“இம்புட்டு எழுதியிருக்கியே மாப்ள, தண்ணி குடுப்பேன்னு எழுதலையே?”

“அதெல்லாம் எழுதவா செய்வாக? சோத்துக்குள்ளயே தண்ணி அடக்கம் அத்தை.”

மாசியில் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பத்திரப்படி வைத்தியம் பார்த்தேன். படுத்த படுக்கையானவர், பக்கத்து வீட்டு ஒச்சம்மாளை வைத்து, மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியருக்கு மனுப் போட்டார். நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். பத்திரத்தை ரத்து செய்ய வேண்டுமாம். விசாரணையில் வரி வரியாக வாசித்துக் காட்டினேன். பேச வேண்டும் என்று எந்த வரியிலும் இல்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அன்பினால கொடுக்கிறாங்கன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அப்ப அன்பா பாத்துக்கணுங்கிறதும் நிபந்தனைதான். எழுதாட்டியும் அது உள்ள இருக்கு.”

புதன்கிழமை உத்தரவு என்றார்.

வீடு போவது எனக்குப் பெரிதல்ல. எழுதாததெல்லாம் உள்ளே இருக்கிறது என்றால், என் தொழிலுக்கு என்ன மரியாதை?

வெள்ளிக்கிழமை, அத்தையின் கட்டிலருகே இருந்த தண்ணீர்க் கேனை எடுத்துவந்தேன். ஒச்சம்மாள் வந்துபோகும் சந்துக் கதவைப் பூட்டினேன். அது திறந்திருக்கும் என்று எழுதவில்லை. கத்திரி வெயில். உணவை நிறுத்தவில்லை, மூன்று வேளையும் இட்லி, மிளகாய்ப் பொடி. ஒவ்வொரு தட்டையும் தேதி, நேரத்தோடு படம் எடுத்திருக்கிறேன். செல்போனில் பாருங்கள்.

சனிக்கிழமை சத்தமாகக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மெதுவாக.

“மாப்ள, ஒரு மடக்கு தண்ணி.”

“எழுதலையே அத்தை,” என்றேன். குரலை உயர்த்தவில்லை.

திங்கட்கிழமை தட்டு தொடாமல் இருந்தது. அதையும் படம் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் மூச்சு இல்லை. ஒச்சம்மாள் வாசலில் நின்று கத்தியது உங்கள் காதுவரை வந்திருக்கிறது. மனுக் கொடுத்தவர் இல்லாததால் புதன்கிழமை உத்தரவும் வரவில்லை. வீடு இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. விவரத்துக்காகச் சொன்னேன்.

அவ்வளவுதான் சார். கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, பத்திரத்தை மீறவில்லை. கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பேசிப் பேசித் தொண்டை காய்ந்துவிட்டது. வந்ததிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் யாரும் வைக்கவில்லை. இதையெல்லாம் ஒரு மனிதன் வாய்விட்டா கேட்க வேண்டும்?