நாலு நாடும் ஒரே வீடியோவும்

சுன்னாகத்தில் பஸ் ஏறியவர், எனக்கு முன் சீற்றில் இருந்த தம்பதியைக் கண்டதும் கேட்டார்: "தம்பி, பனிக்காலத்திலை ஐரோப்பா முழுக்க ரெயிலிலை சுத்தினியளாம்?"

"ஓம் அண்ணை, நாலு நாடு," என்றார் கணவர்.

"நாலு வீடு எண்டு சொல்லுங்கோ." மனைவியின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. "எந்த ஸ்டேசனிலை இறங்கினாலும் உங்கடை ஆக்கள் காரோடை நிக்கினம். நேரை வீடு, புட்டு, உங்கடை தங்கச்சி மகளின்ரை கலியாண வீடியோ. நாலு வீட்டிலையும் அதே வீடியோ! பனியை நான் குசினி யன்னலாலைதான் பாத்தனான்."

"போகாட்டிக் கோவிப்பினமப்பா."

"அடுத்தமுறை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத நாட்டுக்குப் போவம்."

கணவர் உண்மையிலேயே திகைத்துப்போனார்.

"அங்கை போய் ஆரைப் பாக்கிறது?"