லிஸ்ட்டில் வராத கதவுப் புரோகிராம்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் மூன்றையும் முதல் தாளில் எழுதிவிட்டார்கள். வயது முப்பத்து நான்கு. பழைய அட்டை, காகிதங்களை அமுக்கிக் கட்டாகக் கட்டும் தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அங்கே எல்லோரும் என்னைக் கார்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து நிதானமாகத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு முன்கோபம் அதிகம். அதை நீங்கள் நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிரஸ் மெஷினை ஓட்டுவது உள்ளங்கை அளவுள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் புரோகிராம்கள் எல்லாம் நகம் அளவுள்ள ஒரு மெமரி கார்டில் இருக்கும். தூசியிலும் சூட்டிலும் அந்தக் கார்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது செத்துப்போகும். அதனால் முன்பெல்லாம் மாதம் ஒருமுறை கார்டை முழுதாக நகல் எடுத்து வைப்பேன். அதற்கு மெஷினை ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். முதலாளி வாசலில் நின்றுகொண்டு, "ஏம்மா, உன் கார்டுக்கு நீ சீவிச் சிங்காரிச்சு முடிக்கிறதுக்குள்ள லாரி போயிடும்மா" என்று கத்துவார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், போன வருடம் முழு நகல் எடுப்பதையே விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, என்னென்ன சாஃப்ட்வேர் போட்டிருக்கிறது என்ற லிஸ்ட்டைச் சனிக்கிழமைதோறும் அந்தக் கம்ப்யூட்டரையே எழுதச் சொல்லி, அச்சடித்து, மெஷின் பெட்டிக்குள் ஒட்டிவைத்தேன். கார்டு செத்தால் புதுக் கார்டில் அந்த லிஸ்ட்டைப் பார்த்து வரிசையாகப் போட்டால் போதும். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அமுக்கும் அறைக்கு ஒரு இரும்புக் கதவு உண்டு. அது திறந்திருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது என்று ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையில் ஆட்கள் கதவைத் திறந்து, பிதுங்கி நிற்கும் அட்டையைக் கையாலேயே உள்ளே தள்ளுவார்கள். பிரஸ் ஓட்டுவது என் கூடப்பிறந்த தம்பி, வயது இருபத்தாறு. "கதவு தொறந்திருந்தா அது எறங்கவே எறங்காதுடா, தைரியமா கைய விடு" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

போன செவ்வாய்க்கிழமை பல் பிடுங்கப் போயிருந்தேன். மதியத்துக்கு மேல் சூப்பர்வைசர் போன் செய்து கார்டு செத்துவிட்டது என்றார். எனக்கு வாயில் பஞ்சு, வலி உயிர் போகிறது. "பெட்டிக்குள்ள லிஸ்ட் இருக்குண்ணே, அதப் பாத்து அப்படியே போடுங்க. சொந்தமா எதையும் பண்ணித் தொலைக்காதீங்க" என்றேன். அவர் சரிம்மா என்றார். அதன் பிறகு புதன்கிழமை காலை நான் வேலைக்கு வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற மெஷினை எதற்கு நோண்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று பத்தேகால் மணிக்குப் பின்பக்கம் மோட்டாருக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். தம்பி "அக்கா" என்று ஒரே ஒரு தடவை கத்தினான். ஓடிப்போய்ப் பார்த்தபோது கதவு திறந்திருந்தது, பிரஸ் அடிவரை இறங்கி நின்றது, அவன் வலது கை முழங்கைக்கு மேல்வரை அதற்குள் இருந்தது. மேலே ஏற்றும் பட்டனை அழுத்தினேன். பிரஸ் எப்போதும் போல மெதுவாகத்தான் ஏறியது. உள்ளே கை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, அட்டையோடு அட்டையாக ஒட்டிக் கிடந்தது. அவன் அதையே பார்த்து, "அக்கா, என் வாட்ச்" என்றான். என்னிடம் இருந்த ஒயரால் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஏறுங்கள் என்றார்கள். நான் ஏறவில்லை, பேக்கிங் செய்கிறவர் ஏறினார். இப்போது நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் மண்டைக்குள் ஓடியது.

பார்த்தேன். கதவுப் புரோகிராம் அதில் இல்லை. போன மாதம்தான் சூப்பர்வைசர், "இந்தக் கதவு ரோதனையால நாளைக்குப் பத்து கட்டு கொறையுது" என்று சலித்துக்கொண்டார். அதுதான் நினைவுக்கு வந்தது. வேண்டுமென்றே விட்டுவிட்டான் பாவி என்று முடிவு கட்டினேன்.

அதன் பிறகு பெரிய பைப் ரெஞ்ச்சை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் என் வீட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏன்டா எடுத்த?" என்று கேட்டேன். "எதம்மா?" என்றார். முதல் அடி போன் பிடித்திருந்த மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது தாடையில். பல் மேசையில் தெறித்தது. மேசைக்கும் பீரோவுக்கும் நடுவில் விழுந்தவரைக் கழுத்தெலும்பிலும் முதுகிலும் அடித்தேன், எத்தனை என்று எண்ணவில்லை. அவர் திருப்பி அடிக்கவில்லை. இடது கையால் சட்டைப் பையிலிருந்து அந்த லிஸ்ட்டை எடுத்து நீட்டினார். வாய் நிறைய ரத்தத்தோடு, "எல்லாம் போட்டேம்மா" என்றார். "பொய் சொல்லாதடா நாயே" என்று அந்தக் கையையும் அடித்தேன். விரல் முறிந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு மூன்று பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

நேற்று மதியம் போலீஸ் ஆய்வாளர் அந்தத் தாளைக் காட்டி, இது உன்னுடையதா என்று கேட்டார். ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. நாற்பத்தோரு வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேனாவால் டிக் போட்டிருந்தார். மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். கதவுப் புரோகிராம் அதில் எந்த வரியிலும் இல்லை. வெளியிலிருந்து வாங்கிப் போட்ட சாஃப்ட்வேரைத்தான் அந்தக் கம்ப்யூட்டர் லிஸ்ட் எடுத்துக் கொடுக்கும். கடையில் வாங்கிய சாமானுக்குத்தானே ரசீது இருக்கும், வீட்டில் செய்ததற்கு ஏது? கதவுப் புரோகிராம் நானே எழுதி, நானே கார்டில் போட்டது. முழு நகல் எடுத்திருந்தால் அதுவும் வந்திருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பதின்மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் அந்தத் தாளை ஒட்டினேன், ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

இதைச் சொல்லும்போது வாக்குமூலம் எழுதுகிற போலீஸ்காரர் பேனாவை வைத்துவிட்டு, "ஏம்மா, உன் தம்பியே ஆஸ்பத்திரியில அந்த ஆளுதான் எடுத்தான்னு வாக்குமூலம் குடுத்திருக்கான். மொதலாளியும் அவர் மேலதான் புகார் குடுத்திருக்கார். நீ வாய மூடிட்டிருந்தா உனக்குத்தான் நல்லது" என்றார். எழுதுங்கள் என்றேன். சூப்பர்வைசரின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம். பேச இன்னும் ஆறு வாரம் ஆகுமாம். எழுதிக் காட்டவும் அவருக்குக் கை இல்லை, இரண்டையும் நான்தான் உடைத்தேன். அதனால் அவர் சொல்ல வேண்டியதையும் நானே சொல்கிறேன். அவர் எதையும் எடுக்கவில்லை. நான் சொன்னதை நான் சொன்னபடியே செய்தார். என் தம்பி கை போனது என்னால்.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எழுதியிருப்பது அத்தனையும் நான் சொன்னது, அத்தனையும் உண்மை. இதில் எதையும் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(கையொப்பம்)