காதுகுத்து ஃபோல்டர்

“பஸ்ஸுல பேசுறதையெல்லாமா எழுதுவாங்க?” என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். எழுதத்தான் செய்கிறேன்.

கீரனூரில் திருச்சி பஸ் ஏறிய இரண்டு தோழிகள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“நான் செய்தி வாசிச்சுப் பழகுறத வீடியோ எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒளிச்சு வச்சிருந்தேன்டி. எம் புள்ள காதுகுத்து வீடியோ இருக்க ஃபோல்டர்ல. அத யாரு தொறக்கப் போறான்னு நெனச்சேன்,” என்றாள் பட்டுச்சேலைக்காரி.

“தொறந்துட்டாங்களா?”

“கொழுந்தனுக்குக் கல்யாணம்ல. காதுகுத்துக்கு யாரு வந்தா, யாரு வரலைன்னு பாத்துத்தான் பத்திரிக வைக்கணும்னு அத்தை டிவியில போடச் சொல்லிட்டாங்க. சொந்தக்காரங்க அத்தன பேரு முன்னாடி நான் வந்து ‘வணக்கம்’ங்கிறேன்!”

“ஐயையோ! அத்தை என்ன சொன்னாங்க?”

“‘நைட்டியோடயா செய்தி வாசிப்பாங்க? நல்ல சேலையாக் கட்டிக்கிட்டுப் போயி வேல கேளு’ன்னாங்க. இன்னிக்கு டிவி ஆபீஸ்ல தேர்வு. கட்டியிருக்கது அவங்க சேலைதான்.”

“கெடைக்கலேன்னா?”

“‘எம் மருமக டிவியில செய்தி வாசிக்கப் போறா’ன்னு அத்தை பத்திரிக வைக்கிற வீட்டுலயெல்லாம் சொல்லிட்டு வாராங்கடி.”

திருச்சியில் பஸ் நின்றதும், பெட்டிக்கடையில் தொங்கிய செய்தித்தாளின் தலைப்பைச் சத்தமாக வாசித்துக்கொண்டே அவள் இறங்கிப் போனாள்.