ஆறாவது சீடி

வராது தானே ஹுமைத் நானா? நான் அப்பவே சொன்னேன் வராதுன்னு. எட்டு வருசத்து சீடி டெக்கு. தோட்டத்து லயத்து வீட்டுக்குள்ள அடுப்புப் பொகையும் ஈரமும் மாறி மாறிப் புடிச்சா அதுவும் எவ்வளவு நாளைக்குத்தான் தாங்கும், சொல்லுங்க. அந்த ஸ்க்ரூ ஆணியெல்லாம் கழட்டி எதுக்கு சிரமப்படுறீங்க. மேலால ஒரு பார்வ பாத்துட்டு, இது முடிஞ்சு போச்சு, கொண்டு போங்கன்னு சொன்னீங்கன்னா நான் போயிட்டே இருப்பேன்.

இல்ல நானா, செய்யத்தான் கொண்டாந்தது. செய்யாமப் போறதுக்கு யாரு கடைக்கு வருவாங்க. ஆனா நான் கொண்டாரல, என் மக கொண்டாந்தா. இப்ப இங்க நின்னுச்சே, ரெட்ட ஜடை, அதுதான். சதுர்ஷிகா. நாங்க சதுன்னுவோம். முன்னுக்குப் புத்தகக் கடையில சீஆர் கொப்பி வாங்கிட்டு வரச்சொல்லி அனுப்பியிருக்கேன். அது வர்றதுக்குள்ள முடிவ சொல்லிருங்க. பேரு எழுதணுமா? தயாபரன். ஸ்பிரிங்வெளி தோட்டம், மேல் டிவிசன். இன்னைக்கு அரைப்பேர்தான், அரைநாள் சம்பளத்த விட்டுட்டு வந்திருக்கேன்.

ஒங்க கடைக்கே கூட்டிட்டு வந்துட்டா பாருங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட இன்னொரு கடை இருக்கு, அங்க குடுத்தா நல்லா இருக்குற சாமானும் பாழாப் போகும், அங்க போவோம்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கல. ஹுமைத் நானா செத்த ரேடியோவையும் பேச வச்சிருவாராம்னு யாரோ இவகிட்ட சொல்லி வச்சிருக்காங்க. ஒங்க பேரு அந்த மாதிரி. எனக்கு அதுதான் பயமே.

அந்தப் பெட்டியா? அதுவும் அவதான். ஓட்டிப் பாத்து வாங்கணும்னு ஸ்கூல் பேக்குல போட்டு சொமந்துட்டு வந்திருக்கு. ஜப்பான் கார்ட்டூனு நானா. ஆறு சீடி. ஒரு ராக்கெட்டுக் கப்பலு, அதுக்குள்ள நாலு கிறுக்குக. பேசுறது ஜப்பான் பாச, கீழ ஓடுற எழுத்து அரபு. ஒங்களுக்கு வாசிக்க வரும் தானே, ஓதிப் படிச்ச ஆளு. வாசிக்க வருது, அர்த்தம் வராதா? அட, எனக்கு நேர்மாறு. எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது, ஆனா ரெண்டு வருசமா அதுக்கு அர்த்தம் சொல்றது நான்தான்.

என் வீட்டுக்காரி அனுப்புனது. விஜயலெட்சுமி. குவைத்துல வீட்டு வேலை. மாவு இல்ல, கேஸ் இல்லன்னு நாடே லைன்ல நின்னுச்சே, அந்த வருசம் போனா. சதுவுக்கு அப்ப அஞ்சு வயசு. வேலை செஞ்ச வீட்டுப் பையனுக்கு சலிச்சுப் போயி குப்பையில போட்ட பெட்டி இது. இவ பொறுக்கி, தொடச்சு, தன் துணிக்குள்ள சுத்தி வச்சிருந்து, லீவுல வந்த பசறைக்காரி ஒருத்திகிட்ட குடுத்து விட்டா. சொக்லட் அனுப்புனா ஒரே நாள்ல தீந்துரும், இது தீராதுங்கன்னு போன்ல சொன்னா.

மொத நாள் போட்டோம். ஒரு மண்ணும் வெளங்கல. காச்சு மூச்சுன்னு கத்துறாங்க, விழுறாங்க, வெடிக்குது. சது மொகம் அப்படியே சுருங்கிருச்சு. அம்மா அனுப்புனதாச்சே. சரின்னு நானே ஆரம்பிச்சேன். மீசக்காரக் கேப்டன் ஒருத்தன் இருக்கான், எந்நேரமும் கத்துவான். அவன கங்காணி ஆக்கிட்டேன். ஏய், காலையில பேர் குடுக்குற பெரட்டுக்கு நேரத்தோட வரத்தெரியாதா, அங்க நட்சத்திரத்துல தேயிலக் கொழுந்து முத்திப்போயி கெடக்கு, ஏறுங்க கப்பல்லன்னு ஒரு சத்தம் போட்டேன். சது விழுந்து விழுந்து சிரிச்சா. தட்டையான தலையோட ஒரு ரோபோ இருக்கு, அது தராசு. எதக் கண்டாலும் நிறுக்கும். நிலாவ நிறுத்துட்டு, இதுல ஈரம் இருக்கு, ரெண்டு கிலோ கழிக்கணும்னு சொல்லும். அதுக்கு லயமே சிரிச்சுச்சு நானா. கொழுந்து நிறுக்கையில நாங்க தெனம் கேக்குறதுதானே.

எட்டுக் கையோட ஒரு சமையக்காரன். வழி போட்டிருந்த மேப்ப அவன்தான் ரொட்டி சுடுறேன்னு அடுப்புல வச்சுட்டான். அதுலருந்து வீட்டுக்குப் போக வழி தெரியாம சுத்துதுக. ஒவ்வொரு கதையிலயும் இன்னைக்குப் போயிரலாம்னு கெளம்பும், தப்பான ஊருல போயி எறங்கும். மாடு ராசாவா இருக்குற ஊரு, எல்லாரும் தலகீழா நடக்குற ஊரு. அது படத்துல உள்ளதா நான் சொன்னதான்னு இப்ப எனக்கே தெரியாது. அந்தி ஆனா பக்கத்துக் காம்பராப் புள்ளைக எல்லாம் எங்க வீட்டுலதான். காலு வைக்க எடம் இருக்காது.

நாலாவது ஆளு ஒரு பொம்பள. நீல முடி. கப்பலு பழுதானா அவதான் செய்வா, ஒங்க தொழிலு. சாமான் பைய தலையில மாட்டி முதுகுல தொங்கவிட்டிருப்பா, நம்ம பொம்பளைக கொழுந்துக்குப் போறமாதிரியே. அவளக் கண்டதும் சது எந்திரிச்சு நின்னு, அப்பா இது அம்மான்னுச்சு. நான் இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அவளுக்கு விஜயலெட்சுமி மாதிரியே பேசினேன். அவ இழுத்து இழுத்துப் பேசுவா, அதே இழுவையோட. புள்ளைக்கு எவ்வளவு சந்தோசம்னு நீங்க பாத்திருக்கணும்.

அஞ்சு சீடி முடிஞ்சுச்சு. ஆறாவத மட்டும் பாத்துறாதீங்க, நான் வந்ததும் மூணு பேரும் சேந்து பாப்போம்னு அவ போன்ல சொன்னா. புள்ளகிட்ட சத்தியமும் வாங்கிக்கிட்டா. நாங்களும் பழைய அஞ்சையே திருப்பித் திருப்பிப் போட்டோம். நான் புதுசு புதுசா கதை சொன்னேன். அம்மா வந்தா கடைசி சீடி, அம்மா வந்தா கடைசி சீடின்னு சொல்லிட்டே நாளும் ஓடுச்சு.

அது அப்படியே இருந்திருந்தா தொல்ல இல்ல. சது அதத் தலகீழாத் திருப்பிட்டா. கடைசி சீடிய நாம பாக்காம வச்சிருக்கோம்ல, அதுனாலதான் அம்மா வரலங்குறா. அதப் போட்டா வந்துருவாங்களாம். எட்டு வயசுப் புள்ள, ராத்திரி பகலா யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கு. நாளைக்கு சனிக்கிழம, அதுக்குப் பொறந்தநாள். கடைசி சீடி ஓடப்போகுது, எங்க அம்மா வர்றாங்க, எல்லாரும் வாங்கன்னு லயத்துப் புள்ளைகளுக்கெல்லாம் சொல்லியாச்சு. அவ அம்மா நைட்டி ஒண்ணு டிரங்குப் பெட்டியில கெடந்துச்சு, அத எடுத்து தொவச்சு வெயில்ல போட்டிருக்கு. அம்மா வந்த ஒடனே மாத்திக்கணுமாம்.

எப்ப வருவாங்களா? ம். ரெண்டு வருசம்னுதான் போனா. மூணு முடிஞ்சுது. வேற வீட்டுக்கு மாறிட்டாங்க, அது போன் குடுக்காத வீடுன்னு புள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

ஏன் நானா தெறந்துட்டீங்க? பேசிட்டே தெறந்துட்டீங்களே. வயரா? அறுந்திருக்கா? எலியா இருக்கும் நானா. எங்க லயத்துல எலின்னா பூனைக்கே பயம், அந்தத் தரத்துல இருக்கும். பத்து நிமிச வேலையா? அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. வேணாம் நானா, ஒட்டாதீங்க. அந்தச் சூட்டுக்கோல கீழ வைங்க.

பென் டிரைவ்ல ஏத்தித் தர்றீங்களா? டெக்கே வேணாமா, நேரா டிவியிலேயே குத்திப் பாக்கலாமா? கடவுளே, என்னென்னமோ கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. வேணாம் நானா. வேற டெக்கும் வேணாம். நீங்க சும்மா குடுத்தாலும் வேணாம்.

ஆமா. எலி இப்படி நேரா வெட்டாதுதான்.

கவ்வாத்துக் கத்தி. நான் கவ்வாத்து வெட்டுறவன் நானா, இருவத்திரெண்டு வருசமா தேயிலச் செடி வெட்டுறேன். ஒரே வெட்டுல வெட்டித்தான் பழக்கம். நேத்து இவ ஸ்கூலுக்குப் போனதும் தெறந்து வெட்டிட்டு, திரும்ப ஆணியெல்லாம் பூட்டி வச்சேன். அவ வந்ததும், அய்யய்யோ டெக் ஓடலையேன்னு அவளுக்கு முன்னாடி நானே கத்துனேன். அழுவா, அழுது ஓஞ்சிருவான்னு நெனச்சேன். அழல. அப்பா, பதுளை டவுனுக்குக் கொண்டு போவோம்னா.

புள்ளைய ஏமாத்துறியான்னு பாக்குறீங்க. பாருங்க. நானும்தான் என்னப் பாத்துக்குறேன்.

கடைசி சீடிய நான் பாத்துட்டேன் நானா. தனியா. ஒரு நாள் அடை மழ, வேலைய நிப்பாட்டி அனுப்பிட்டாங்க. இவ ஸ்கூல்ல. முன்னாடியே பாத்து வச்சுக்கிட்டா என்ன கதை சொல்லலாம்னு யோசிச்சுக்கலாமேன்னு போட்டேன். இன்னும் ஒரு ஊருல மாட்டிக்கிட்டாங்க, இன்னும் கொஞ்சம் சுத்துறாங்கன்னு சொல்லிச் சமாளிச்சுரலாம், அஞ்சு சீடியும் அப்படித்தானே சமாளிச்சேன்னு பாத்தா, அதுல வீட்டுக்கு வந்துர்றாங்க. ஒரு ஆளு கொறையாம வந்துர்றாங்க நானா. கப்பல் கதவு தெறக்குது. மொதல்ல எறங்குறது அந்த நீலமுடிக்காரி. கீழ ஒரு சின்னப் புள்ள நிக்குது. ஓடி வந்து அவ கால கட்டிக்குது. பைய கீழ போட்டுட்டு அவ புள்ளையத் தூக்குறா. சுத்திச் சுத்தித் தூக்குறா. அந்தத் தராசு ரோபோ ரெண்டு பேரையும் சேத்து நிறுக்கப் பாக்குது, தராசு ஒடஞ்சு விழுது. சிரிக்கத்தான் எடுத்திருக்கான். அந்தப் படத்துக்கு நான் என்ன கதைய மாத்திச் சொல்றது?

இல்ல இல்ல, அந்த ஆறாவது சீடி மூடியத் தெறக்காதீங்க. கீறல் பாக்க வேணாம் நானா. சரி, விழுந்துருச்சு. அந்த அரபுப் பேப்பர இங்க குடுங்க. வாசிக்காதீங்க. வாசிச்சாலும் அர்த்தம் தெரியாதுன்னீங்களே. எனக்கு வேற ஒருத்தர் வாசிச்சுச் சொல்லிட்டாரு. அது விஜயலெட்சுமியோட பேப்பரு. அவ மவுத்தான பேப்பரு, டெத் சர்டிபிகேட்டு. மாசி மாசம். நெஞ்சு வலியாம். இங்க கொண்டு வர நாளாகும்னாங்க, அங்கயே அடக்கம் பண்ண சம்மதம்னு கையெழுத்து கேட்டாங்க, நானும் போட்டுட்டேன். இந்தச் சீடிய புள்ள தொடாது, அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கு. அதான் இதுக்குள்ள வச்சேன். வேற எங்க வச்சாலும் எடுத்துரும்.

லயத்துல பெரியவங்களுக்கெல்லாம் தெரியும். காம்பரா காம்பராவாப் போயி கையெடுத்துக் கும்பிட்டேன். ஒருத்தரும் வாயத் தெறக்கல இன்னைய வரைக்கும். காரியம் கூட பண்டாரவளையில மச்சான் வீட்டுல வச்சுத்தான் செஞ்சேன். மொட்ட போட்டுட்டு வந்தப்ப ஏம்ப்பான்னு கேட்டா. தலையில பேனுன்னேன்.

அந்தா, கொப்பிய வாங்கிட்டா. பஸ்ஸு போகட்டும்னு நிக்கிறா பாருங்க. கண்ணத் தொடைங்க நானா, மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுருவா.

எவ்வளவு நாளைக்கு மறைப்பேன்னு என்னக் கேட்டா நான் எங்க போவேன். சனிக்கிழம தாண்டட்டும். நீங்க அத ஒட்டிக் குடுத்தீங்கன்னா, சனிக்கிழம இருவது புள்ளைகளுக்கு முன்னால நான் உக்காந்துருப்பேன். கதவு தெறக்கும். அவ எறங்கி வருவா. எல்லாம் என் வாயத்தான் பாக்கும். அம்மா மாதிரி இழுத்து, வந்துட்டேன் தங்கம்னு நான்தான் சொல்லணும். முடியாது நானா. அது மட்டும் என்னால முடியாது.

பொய் சொல்ல மாட்டேங்குறீங்க. வெள்ளிக்கிழம வேற. அப்ப பொய் வேணாம், எனக்கு இந்த வேலை வராதுன்னு சொல்லுங்க. ஒங்க பேருக்குத்தான் கொறச்சல், தெரியுது. நான் சொன்னா நம்பமாட்டா, வேற கடைக்கு இழுப்பா. நீங்க சொன்னா நம்புவா. இத விட எறங்கி யாருகிட்டயும் நான் கேட்டது இல்ல.

வா தங்கம். பாத்து, படி இருக்கு. கெடச்சுச்சா? ரோசாப்பூ போட்டதா, நல்லாருக்கு. இங்க உக்காரு. நானா முழுசா கழட்டிப் பாத்துட்டாரு. என்னமோ சொல்லணுமாம் ஒங்கிட்ட.

சொல்லுங்க நானா.