ஏப்ரன் கட்டிய வேட்பாளர்

லண்டனில் ஸ்ட்ரெதம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் கவுன்சில் தேர்தலில் நிற்பவர் என்பது மடியில் இருந்த நோட்டீஸ் கட்டில் சிரித்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இப்போது அந்த முகத்தில் சிரிப்பில்லை.

“அமெரிக்காவிலை ஜனாதிபதியாக வரப்போற கோடீஸ்வரர்களே ஏப்ரன் கட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கடையிலை நிண்டு படம் எடுக்கினம். தாங்களும் பாடுபடுற சனம் எண்டு காட்டத்தான். நானும் அதைத்தானே செய்தனான்?”

“அதுக்கு, கொத்துரொட்டி போடுற படத்தை வாட்ஸ்அப்பிலை போடுறதே? செவன் கிங்ஸிலை இருக்கிற மாமி காலமை போன் எடுத்து அழுறா. ‘தம்பிக்குக் கணக்காளர் வேலை போயிட்டுதோ, பிள்ளை?’ எண்டு.”

“தேர்தலுக்கு எடுத்த படம் எண்டு சொல்லியிருக்கலாமே!”

“சொன்னனான். வெக்கத்திலை மறைக்கிறன் எண்டு நினைக்கிறா. எங்கடை சனம் கோப்பை கழுவினாலும் ஊருக்குக் கோட்டுப் போட்ட படம்தானே அனுப்பினது? கோடீஸ்வரர் ஏப்ரன் கட்டினா சனம் கை தட்டும். நீங்கள் கட்டினா நம்பிடும்.”

“அப்ப எனக்கு வோட்டு விழாதோ?”

அவருடைய போன் அடித்தது.

“ஓம் அண்ணை, படத்தைப் பாத்தனீங்களோ? ஐயோ, இல்லை அண்ணை, உங்கடை கடையிலை ஷிப்ட் ஒண்டும் வேண்டாம். எனக்கு வேலை இருக்கு.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். கணவர் கொஞ்சம் யோசித்தார்.

“அது கிடக்கட்டும் அண்ணை, உங்கடை வீட்டிலை எத்தினை வோட்டு?”