நாற்பது பிரதிகளும் ஒரு மதிப்புரையும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! அறிவை அடுக்கி, அடுக்கியதைக் காத்து, காத்ததை ஊருக்கே கொடுத்து ஓய்வுபெற்ற மூத்த நூலகர்களே! வீட்டையும் பார்த்து, வேலையையும் பார்த்து, இரண்டுக்கும் இடையில் வாசிக்கவும் நேரம் கண்டுபிடிக்கும் தாய்மார்களே! தம்பிகளே, தங்கைகளே! நெஞ்சம் நிறைந்த வணக்கம்!

நூலகர் மதிப்புரை எழுதலாமா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. என்ன, 'எழுதலாம்' என்று இப்போதே குரல் வருகிறதே! பொறுங்கள். 'எழுதக் கூடாது' என்று உத்தரவு போடப் போனவனே நான்தான்!

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. எங்கள் மைய நூலகத்தில், புதுப் புத்தகங்களுக்கு எண் போடும் பிரிவில் ஓர் அம்மையார். காதோரம் எப்போதும் பென்சில் இருக்கும். அதனால் எல்லோருக்கும் பென்சில் அக்கா. எண் போடுவதோடு விடமாட்டார். வாசிப்பார், வாசித்ததைப் பற்றி எங்கள் மாத இதழில் ஒரு பக்கம் எழுதுவார். 'இந்த அம்மாவுக்கு வேலை குறைவு போலிருக்கிறது' என்று தலைமை நூலகரான நான் முணுமுணுப்பேன்.

அந்த நேரத்தில்தான் வந்தது, வீட்டு மின்வேலைகளை நாமே செய்துகொள்வது பற்றி ஒரு புத்தகம். பளபளக்கும் அட்டை! பின்பக்கம் முழுக்கப் பாராட்டு! அதை நம்பிக் கிளை நூலகங்களுக்கு நாற்பது பிரதி வாங்கியவன் யார்? நான். புத்தகத்தைத் திறந்து பார்த்தவன் யார்? சத்தியமாக நான் இல்லை!

திறந்தவர் பென்சில் அக்கா. ஒரு படம் அவருக்கு உறுத்தியது. வாசிப்பறையில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்த மின்பணியாளரிடம் காட்டினார். அவர் ஏணியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"என்னக்கா இது! லைன் கம்பியும் எர்த் கம்பியும் இடம் மாறியிருக்கு. இதப் பார்த்து இஸ்திரிப் பெட்டிக்குப் பிளக் மாட்டினா, பெட்டி பூரா கரண்ட் பாயும். கை வச்சா ஆள் காலி!"

அக்கா அதை அப்படியே மதிப்புரையாக எழுதி என் மேசையில் வைத்தார். எனக்கு வந்ததே கோபம்!

"வாங்கினது நாமம்மா. நாமளே மோசம்னு எழுதினா என் முகத்த எங்க கொண்டுபோய் வைக்கிறது? எண் போடுறதுதான் உங்க வேலை, எடை போடுறது இல்ல. எழுதாதீங்க!"

"சரி சார். அத எழுத்துல குடுத்துடுங்க" என்றார்.

நானும் விறைப்பாகப் பேனாவை எடுத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "ஒரு பிரதி நேத்தே வெளிய போயிடுச்சு சார். எடுத்தவங்க ஒரு தையல்காரம்மா. கடையில நாள் பூரா இஸ்திரி போடுறவங்க."

பேனா நின்றது. தொலைபேசியைப் பிடுங்காத குறையாக எடுத்து அந்த அம்மாவின் எண்ணை அழுத்தினேன்.

"ஆமா சார், பிளக்கைக் கழட்டிட்டேன். படத்தப் பார்த்து மாட்டிட்டு இருக்கேன்."

"தொடாதீங்கம்மா! கைய எடுங்க!"

நான் போட்ட கூச்சலில் வாசிப்பறையே எழுந்து நின்றது. ஆம், சிரியுங்கள், 'அமைதி காக்க' என்ற பலகைக்குக் கீழேதான் கத்தினேன்!

மின்பணியாளரை அழைத்துக்கொண்டு அக்காவும் நானும் ஓடினோம். அவரே பிளக்கைச் சரியாக மாட்டிக் கொடுத்தார். நாற்பது பிரதிகளும் அன்றே திரும்பி வந்தன. மதிப்புரை முதல் பக்கத்தில் வந்தது. சண்டைக்கு வந்த பதிப்பாளர் படத்தைப் பார்த்ததும் தவறை ஒப்புக்கொண்டார்; திருத்திய பதிப்பை அக்காவிடம் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்பினார்.

ஆனால், தோழர்களே, என்னை உலுக்கியது அதுவல்ல. அந்தத் தையல்காரம்மா கேட்ட கேள்வி. "ஒரு புத்தகத்துக்காக என்னைத் தேடி இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்களே. அடுத்து எத எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க சார்!"

என்னிடம் பதில் இல்லை! இருபத்தாறு ஆண்டு அனுபவம் இருந்தது, பதவி இருந்தது, பதில் இல்லை! பென்சில் அக்கா மூன்று புத்தகங்களைக் கடகடவென்று சொன்னார், காரணத்தோடு!

அந்தப் பதில்தான் மதிப்புரை! பொழுதுபோக்கா அது? இல்லை! பெருமைக்கா? இல்லை! நம் பணி! நம் பொறுப்பு! ஆகவே, வாரம் மூன்று மணி நேரம், அலுவல் நேரத்திலேயே, வாசித்து மதிப்புரை எழுத ஒதுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். கைகளை உயர்த்துங்கள்! அம்மம்மா, அரங்கமே உயர்கிறதே!

எழுதுங்கள்! நல்லதை நல்லதென்று எழுதுங்கள்! தவறைத் தவறென்று எழுதுங்கள்! தலைமை நூலகர் தடுத்தாலும் எழுதுங்கள்!

என் குற்றத்தை நானே சொல்ல மேடை தந்த உங்களுக்கு நன்றி. வணக்கம்!