டவர் போகும் வளைவு

கூடலூரில் ஏறிய எஸ்டேட் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர்.

“ஏனுங்க அக்கா, செங்கல் உடைக்கக் காசு கேக்குறாங்க,” என்றாள் இளையவள், போனைப் பார்த்தபடி.

“என்ன செங்கல்?”

“பந்தடிச்சு உடைக்கிற கேமுங்க. எப்பவும் எங்க ஊட்டுக்காரர்தான் ஜெயிக்கறாரு. இன்னைக்கு நான் ஜெயிக்கோணும். சும்மா கிடைக்கிறதுல நடுவுல நடுவுல விளம்பரம் வருதாம். காசு கட்டினா வராதாம்.”

“சும்மா கிடைக்கிறதையே இறக்கு. நெட் இல்லாமயும் ஓடும். நம்ம லைன் வீட்டுப் பக்கம் டவரே இல்ல, விளம்பரம் எந்த வழியா வரும்?”

இளையவள் அதையே இறக்கத் தொடங்கினாள். கேம் பாதி இறங்கியபோது, டவர் போய்விடும் வளைவு தெரிந்தது.

“டிரைவரண்ணா, மெதுவாப் போங்க!”

“ஏம்மா, வாந்தி வருதா?”

“இல்லீங்க, செங்கல் இன்னும் இறங்கல!”

பஸ் மெதுவானது.

“இறங்கிருச்சுங்க அக்கா! இன்னைக்கு இருக்குது அவருக்கு.”